கீழ்த்தாடை எலும்பின் அளவுகளைக் கொண்டு பால் அறிதல்: துல்லிய விழுக்காட்டை மதிப்பிடல்

அடையாளம் தெரியாத எலும்புகளிலிருந்து இறந்தவர் ஆணா பெண்ணா என அறிய முதன்மைச் சான்றாவது இடுப்பெலும்பே. அது சிதைந்தோ கிடைக்காமலோ போகும்போது மண்டையோடும் கீழ்த்தாடையும் துணைக்கு வருகின்றன. முக எலும்புகளுள் மிகப் பெரியதும் வலியதுமான கீழ்த்தாடை மண்ணில் நெடிது நிலைக்கும் இயல்புடையது. இதிலிருந்து பெறும் முடிவு பிழைத்தால், காணாமற்போனோர் பட்டியலில் உரியவரின் பெயர் அடங்கிய பகுதியே தேடலிலிருந்து நீங்கிவிடும்.

பருவ வளர்ச்சியின்போது ஏறுகிளையும் அதன் உச்சியிலுள்ள குமிழும் பெரிதும் வளர்கின்றன. மெல்லுதசை பற்றும் தாடைக்கோணப் பகுதி ஆண்களில் பொதுவாகத் தடித்துக் காணப்படும். ஆகவே ஏறுகிளையின் உயரம், அதன் மிகக்குறைந்த அகலம், இரு குமிழ்களுக்கும் இரு தாடைக்கோணங்களுக்கும் இடைப்பட்ட அகலங்கள் ஆகியன அளக்கப்படுகின்றன. வளர்ச்சி முற்றுப்பெறாத சிறாரின் தாடைக்கு இவ்வளவுகள் நம்பத்தக்கவையல்ல. பற்களை இழந்த முதியோரிடம் பற்குழி எலும்பு கரைவதால் மோவாயின் உயரம் குறையும். அத்தகைய தாடையில் அவ்வளவைச் சேர்க்காமல் விடுவதே முறை.

ஆண், பெண் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பதால் தனியோர் அளவு போதாது. பல அளவுகளை உரிய எடைகளால் பெருக்கிக் கூட்டி, கிடைக்கும் மதிப்பை ஒரு வெட்டுப்புள்ளியோடு ஒப்பிடுவதே வேறுபடுத்துச் சார்பு முறை. 1964-இல் யூஜின் கைல்ஸ் அமெரிக்க வெள்ளையர், கறுப்பினத்தவர் தாடைகளுக்கு இம்முறையைக் கையாண்டு ஏறத்தாழ 85 விழுக்காடு துல்லியம் கண்டார். எனினும் எடையும் வெட்டுப்புள்ளியும் எந்த மக்களிடமிருந்து பெறப்பட்டனவோ அவர்களுக்கே பொருந்தும். சிறிய தாடையுடைய மக்களிடம் அதே சூத்திரத்தைப் பயன்படுத்தினால் ஆண்கள் பலர் பெண்களாக வகைப்படுவர்.

அளவைத் தவிர்த்து வடிவத்தை நோக்கினால் இச்சிக்கல் தீருமா? 1996-இல் லோத், ஹென்னெபெர்க் ஆகியோர் ஏறுகிளையின் பின்விளிம்பு, பற்கள் கடிக்கும் தள மட்டத்தில் வளைந்திருப்பது வளர்ந்த ஆணின் அடையாளம் என்றனர். தென்னாப்பிரிக்கத் தொகுப்பொன்றை ஆராய்ந்து 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட துல்லியத்தையும் அறிவித்தனர். இரண்டே ஆண்டுகளில், பாலை முன்கூட்டி அறியாத நிலையில் பிறர் நடத்திய சோதனையில் அது 60 விழுக்காட்டைச் சற்றே தாண்டியது. நாணயம் சுண்டினாலே 50 கிட்டும் என்பதை இங்கு நினைவில் கொள்ளல் வேண்டும்.

மாதிரியின் கலப்பும் கவனத்திற்குரியது. நூறு தாடைகளுள் 75 ஆண்களுடையவை எனின், எதையும் அளக்காமல் அனைத்தும் ஆண் என்று எழுதுபவரும் 75 விழுக்காடு பெறுவார். பெண்களைப் பொறுத்தவரை அவர் பெறுவது சுழியம். எனவே ஆண், பெண் இருபாலர்க்கும் தனித்தனியே துல்லியம் தரப்படாத கட்டுரையை ஐயத்தோடு அணுகுவதே தக்கது. சூத்திரத்தை உருவாக்கிய தாடைகளிலேயே அதைச் சோதித்துப் பெற்ற விழுக்காடும் இயல்பாகவே உயர்ந்து நிற்கும். ஒவ்வொரு தாடையையும் முறையே விலக்கி, எஞ்சியவற்றால் சூத்திரம் அமைத்து, விலக்கியதை அதனால் வகைப்படுத்தும் குறுக்குச் சரிபார்ப்பு இக்குறையை ஓரளவு நீக்கும்; வேறொரு தொகுப்பில் செய்யும் சோதனை அதனினும் வலியது. ஒரே தாடையை இருவர் அளக்கும்போது நேரும் வேறுபாடும் பதிவாதல் வேண்டும், குறிப்பாகத் தாடைக்கோணத்தில். வளைந்த விளிம்பில் அளவுப்புள்ளியை இருவர் ஒரே இடத்தில் குறிப்பது அரிது.