அண்ணாவியாரும் நடுவுநிலையும்

பலர் கூடி வேடம் பூண்டு ஆடும் ஆட்டம் எதுவாயினும், அதனை நடத்துவோர் ஒருவர் வேண்டும். அவர் நடுவுநிலை பிறழாதவராயின் ஆட்டம் சிறக்கும். பிறழ்வாராயின், ஆடுவோர் எத்துணைத் திறமுடையராயினும் அது குலையும். இவ்வுண்மையை மட்டக்களப்பு நாட்டின் கூத்து மரபு நன்கு விளக்குகின்றது.

பதுளை வீதி வந்து கூடும் செங்கலடியும், அதனை அடுத்த வந்தாறுமூலை, சித்தாண்டி முதலிய ஊர்களும் அம்மரபு வழங்கும் நிலப்பரப்பைச் சேர்ந்தவை. ஆங்கு வடமோடி, தென்மோடி என இருவகைக் கூத்துகள் உள. இரண்டிற்கும் தலைவர் அண்ணாவியாரே. ஆட்டமும் பாட்டும் பழக்குபவர் அவர்; மத்தளம் முழக்கி, இரவு முழுவதும் வட்டக்களரியிற் கூத்தை நடத்துபவரும் அவரே.

அவருடைய நடுவுநிலைக்கு முதற் சோதனை ‘சட்டங்கொடுத்தல்’ என்னும் சடங்கில் வருகின்றது. ஒவ்வொருவர்க்கும் உரிய பாட்டையும் வசனத்தையும் பிரித்து எழுதி, ஊரார் முன்னிலையில் வழங்குதலே சட்டங்கொடுத்தல். அரச வேடத்தை விரும்புவோர் பலர். சேவகன் வேடத்தை விரும்புவோர் சிலர். குரல்வளம், உடற்கட்டு, தாளவுணர்வு ஆகியவற்றை நோக்கி வேடம் அளித்தலே முறை. செல்வர் மகன் என்றோ உறவினன் என்றோ கருதி அளிப்பின், அவ்வரசன் களரியில் தாளந்தப்பும்போது ஊரே நகைக்கும். தகுதியிருந்தும் வேடம் பெறாதவன் மனங்கசந்து விலகுவான். அவனோடு அவன் சுற்றமும் விலகும். ஊர் முழுவதும் கூடிச் செய்ய வேண்டிய கூத்து அங்கேயே முறியும்.

இரண்டாவது சோதனை நிலைபேறு. சதங்கை அணிதல், கிழமைக்கூத்து, அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் எனக் கூத்துப் பழக்கம் பல படிகளாக வளரும். நேற்றுப் பழக்கிய தாளக்கட்டை இன்று காரணமின்றி மாற்றினால், ஆடுபவன் கால் எதனை நம்பும்? ஒருவனுடைய பிழையைக் கடிந்து, அதே பிழையை மற்றொருவனிடத்துப் பொறுத்தல் இதனினும் தீது. திருத்தம் வேண்டுமாயின் அதனை யாவரும் அறியச் செய்து, அன்று முதல் யாவர்க்கும் பொதுவாக்குதல் வேண்டும்.

இச்சிக்கல் மேனாட்டிலும் எழுந்ததுண்டு. பிரசிய நாட்டுப் படையினர் பயிற்சிக்காக ஆடிய போர் விளையாட்டுக்கு 1824இல் ரைசுவிட்சு என்பார் விரிவான விதிகளை வெளியிட்டார். அவ்விதிகளைப் பகடையின் துணைகொண்டு நடத்த ஒரு நடுவர் இருந்தார். விதிகள் பெருகி ஆட்டம் தளர்ந்தமையால், 1876இல் வெர்டி து வெர்னுவா என்பார், அனுபவமுடைய நடுவரின் தீர்ப்பே போதுமென்றார். விதி மிகுந்தால் ஆட்டம் நகராது. விதி குறைந்தால் நடுவரின் மனச்சான்றே விதியாகும்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்சும் தேவ் ஆர்ணசனும் வெளியிட்ட ‘டஞ்சன்சு அண்டு டிராகன்சு’ என்னும் மேசை விளையாட்டிலும் இதுவே நிலை. அதில் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகின்றனர். ஆட்டத் தலைவர் கதையுலகை உரைத்துத் தீர்ப்பும் வழங்குகின்றார். கூத்தில் ஏடு உண்டு; கர்ணன் வீழ்வான் என்பது ஊரறிந்தது. ஆதலின் அண்ணாவியாரின் நீதி முடிவைப் பற்றியதன்று, வழியைப் பற்றியது. மேசை விளையாட்டிலோ முடிவும் எழுதப்படாதது. நண்பனுக்காகப் பகடையின் பயனைத் தலைவர் ஒருமுறை மறைத்து மாற்றினார் என்பது தெரிந்தால், அதன்பின் எவ்வெற்றியும் வெற்றியாகத் தோன்றாது. தோல்வியையும் எவரும் அமைதியோடு ஏற்கமாட்டார்.

நடுவுநிலை என்பது பழையதை அப்படியே பற்றிநிற்றலும் அன்று. மட்டக்களப்பைச் சார்ந்த சீலாமுனையில் நிகழ்ந்த கூத்து மீளுருவாக்க முயற்சியில், கூத்தின் கதையும் பாத்திரங்களும் ஆடுவோரோடும் ஊராரோடும் கலந்துரையாடி ஆராயப்பட்டன. மாற்றம் மறைவில் நிகழாது அவையில் நிகழ்ந்தமையால், மரபும் மதிப்பிழக்கவில்லை.

வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். அரசர்க்கும் வணிகர்க்கும் உரிய அவ்வறம் ஆட்டத்தை நடத்துவோர்க்கும் உரியதே. கல்லூரி நாடகத்திற்கு வேடம் பங்கிடும் ஆசிரியரும், விளையாட்டுக் குழுவைத் தெரியும் மாணவர் தலைவரும் சட்டங்கொடுக்கும் அண்ணாவியாரின் இடத்திலேயே நிற்கின்றனர். சிறு வேடம் பெற்றவனும் மறுநாள் மகிழ்வோடு பழக வருகின்றானா என்பதைக் கொண்டே அவர்தம் நடுவுநிலையை அளந்தறியலாம்.