உங்களுக்குத் தெரியுமா? உடும்பின் போலிக் குழி, முதலையின் 'டிகிரி' ரகசியம்!

கொல்லிமலை மன்னன் வல்வில் ஓரியின் ஒரே அம்பு ஐந்து உயிர்களைத் துளைத்ததே, கடைசியாக எதன் மேல் பாய்ந்தது தெரியுமா? ஓர் ஊர்வனவின் மேல்!

அந்த மலையின் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, செம்மேட்டில் ஓரி சிலை முன்னால் செல்ஃபி எடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். யானை என்பார்கள், புலி என்பார்கள். மானும் பன்றியும்கூட நினைவுக்கு வரும். ஐந்தாவது? உடும்பு! அதுவும் புற்றுக்குள் கிடந்த உடும்பு! புறநானூறு 152-ஆம் பாட்டில் வன்பரணர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்!

உடும்புக்குப் புற்றில் என்ன வேலை என்கிறீர்களா? பிரசவ வேலையாகவும் இருக்கலாம்! பெண் உடும்பு கறையான் புற்றுக்குள்ளும் முட்டையிடும். ஒரு தடவைக்குச் சுமார் 20!

தரையில் இட்டால் இன்னும் வேடிக்கை. குழி தோண்டும். முட்டையிடும். மண்ணைத் தள்ளி மூடும். பிறகு தன் மூக்காலேயே மண்ணை இடித்து இடித்து இறுக்கும். அதோடு போய்விடுமா? போகாது! பக்கத்தில் வெறும் குழிகளைத் தோண்டி வைக்கும். மண்ணை அங்கும் இங்கும் வாரி இறைக்கும். முட்டை திருட வருகிறவன் எந்தக் குழி என்று தெரியாமல் விழிக்க வேண்டியதுதான்!

அந்த முட்டை பொரிய எத்தனை நாள்? கோழிக் கணக்கில் 21 என்று சொன்னால் தோற்றீர்கள். 168 முதல் 254 நாள்! கொல்லிமலையில் ஓரி விழா நடக்கும் ஆடிப் பதினெட்டில் ஓர் உடும்பு முட்டையிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் பொரிந்தால் பொங்கல் முடிந்த கையோடு குட்டி வரும். தாமதமானால்? சித்திரை முதல் நாள்! விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம், சரியாக வருகிறது!

இன்னொன்று. ஓரியின் அம்பு குத்திய ஐந்தில் யானை, புலி, உடும்பு மூன்றுமே இன்று 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. புலிக்கு என்ன மரியாதையோ, அதே மரியாதை உடும்புக்கும்!

முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கே முட்டைப் பாடமா? ஆமாம், எடுக்கத்தான் போகிறோம்! குஞ்சு பொரிக்க வைத்த கோழி முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முதலை முட்டையை அப்படித் திருப்பினால்? உள்ளே கரு செத்துவிடும்! அதனால் அதை இடம் மாற்றுகிறவர்கள் முதலில் மேல்பக்கம் பென்சிலால் ஒரு குறி போடுவார்கள். புது இடத்திலும் அந்தக் குறி வானம் பார்த்தே இருக்க வேண்டும்!

கொல்லிமலையின் தேவனூர் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு ரகசியம். 2019-இல் மட்டும் இரண்டு பல்லி இனங்களுக்கு அறிவியல் பெயரிலேயே உங்கள் மலையைச் சேர்த்திருக்கிறார்கள்! ஒன்று ஹெமிஃபில்லோடாக்டைலஸ் கொல்லியன்சிஸ். இன்னொன்று ஹெமிடாக்டைலஸ் கொல்லியன்சிஸ். மூச்சு விடாமல் சொல்லிப் பழகுங்கள்! முதல் பல்லி விரல் நீளம்தான். அதன் பங்காளி ஏற்காட்டில் இருக்கிறது. ஆனால் அது வேறு இனம்! மலைக்கு மலை பல்லி மாறுகிறது!

பல்லி முட்டையைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டுமா? வேண்டவே வேண்டாம். ராத்திரி ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் பூச்சி பிடிக்க வரும் வீட்டுப் பல்லியை உள்ளே இருந்து பாருங்கள். வயிறு தெரியும். சினைப் பல்லியாக இருந்தால் தோலுக்கு உள்ளேயே வெள்ளையாக உருண்டு நிற்கும், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. எண்ணினால் 2! எப்போதும் அதிகபட்சம் அவ்வளவுதான்!

முட்டை ஓட்டைக் கிழிக்கப் பாம்புக் குட்டியின் வாயில் ஒரு முட்டைப் பல் இருக்கும். வெளியே வந்ததும் விழுந்துவிடும். பல்லிக் குட்டிக்கு? இரண்டு! முட்டையும் இரண்டு, முட்டைப் பல்லும் இரண்டு!

வகுப்பறைச் சுவரில் மாட்டிய படத்தில் பாம்பு என்றால் முட்டைதானே போட்டிருக்கும்? கழற்றி வையுங்கள்! கண்ணாடி விரியன் குட்டி போடும். பச்சைப் பாம்பு குட்டி போடும். மண்ணுளிப் பாம்பும் குட்டிதான். கண்ணாடி விரியன் ஒரே பிரசவத்தில் 20 முதல் 40 வரை சாதாரணமாகப் போடும். 65 வரை போட்டதும் பதிவாகியிருக்கிறது!

மழை பெய்த மறுநாள் மலைக்காட்டு மண்ணைக் கிளறினால் வால் நுனியை வெட்டிவிட்டதுபோல ஒரு பாம்பு நெளியும். கேடயவால் பாம்பு! அதுவும் குட்டி போடுகிற ஜாதி. இந்தியத் தீபகற்பம், இலங்கை, இரண்டை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அமேசானில் தேடினாலும் கிடைக்காது!

"சாரையும் நாகமும் பிணைஞ்சு ஆடுது, வேட்டி போடு" என்பார் தாத்தா. ஆடுவது இரண்டும் சாரை! அதுவும் இரண்டும் ஆண்! பிணையவில்லை, மல்யுத்தம் நடக்கிறது! சாரையில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. நாகத்திலும் அப்படியே. தாத்தாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்!

நல்ல பாம்புக் குட்டி முட்டையை விட்டு வந்த அன்றே படம் எடுக்கும். விஷமும் தயார்! குட்டிதானே என்று கை நீட்டினால் நேரே ஆஸ்பத்திரிதான்!

மலைப்பாம்புத் தாய் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும். குளிர் கூடினால் தசைகளை உதறி உதறி உடம்பைச் சூடாக்கி அடைகாக்கும். இப்படி ஏறக்குறைய இரண்டு மாதம்!

இப்போது எங்கள் பொக்கிஷத்தைத் திறக்கிறோம். மகாபலிபுரம் பக்கத்து வடநெம்மேலி முதலைப் பண்ணை, 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. அங்கே நம் ஊர்ச் சதுப்பு முதலையின் முட்டைகளை வெவ்வேறு சூட்டில் வைத்துப் பார்த்தார்கள். 28 முதல் 31 டிகிரி வரை வைத்தால் எல்லாமே பெண். 32.5 டிகிரியில்? எல்லாமே ஆண்! ஒன்றரை டிகிரியில் தம்பி தங்கை மாறிப்போகிறது! ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. மண்ணின் சூடு!

பொரிக்கும் நேரம் வந்ததும் குட்டிகள் முட்டைக்குள் இருந்தே கத்தும். ஆமாம், உள்ளே இருந்தே! தாய் ஓடி வந்து மண்ணைத் தோண்டும். பல் வரிசைக்கு நடுவே குட்டிகளைக் கவ்வித் தண்ணீருக்குத் தூக்கிப் போகும். அப்பா முதலை? அதுவும் குழியைத் தோண்டிக் குட்டிகளைச் சுமந்ததை அதே வடநெம்மேலியில் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எத்தனை வீட்டு அப்பாக்கள் இதைப் படிக்கிறீர்களோ!

சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமை நேர் எதிர்! சூடு குறைந்தால் ஆண், சூடு கூடினால் பெண். ஒரு குழிக்கு 100-க்கு மேல் முட்டை. சென்னை மாணவர்கள் சேர்ந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றத் தொடங்கியது 1988-இல். இன்றும் சீசனில் ராத்திரி ராத்திரியாக மணலில் நடக்கிறார்கள். கூட நடக்கப் பொதுமக்களும் போகலாம்!

பாம்புச் சட்டை கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். தலைப் பக்கம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண் இருந்த இடத்தில் கண்ணாடி மாதிரி ஒரு வட்டச் செதில்! பாம்புக்கு இமை கிடையாது. கண் மேல் மூடிய செதிலையும் சேர்த்தே உரிக்கிறது! கழற்றிய காலுறை போலச் சட்டை உள்வெளியாகப் புரண்டிருக்கும்!

புழுப் பாம்பில் கண்டதெல்லாம் பெண்தான்! ஆணே இல்லாமல் முட்டையிடும், பொரிந்து வருவதும் பெண்ணே. பூந்தொட்டி மண்ணில் ஒளிந்து நம் பக்கத்திலிருந்து கண்டம் கண்டமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. பாஸ்போர்ட் இல்லை, மாப்பிள்ளையும் தேவையில்லை!

மடகாஸ்கரில் லபோர்டு பச்சோந்தி என்று ஒன்று. முட்டைக்குள் 8 முதல் 9 மாதம் இருக்கும். வெளியே வந்தபின் வாழ்வது? 4 முதல் 5 மாதம்தான்! பிறந்து வளர்ந்து, முட்டையிட்டுச் செத்தும் போகும். பாதி வாழ்க்கைக்கு மேல் முட்டைக்குள்ளேயே!

அவசரமே படாத ஆளும் உண்டு. நியூசிலாந்தின் துவாட்டாரா. பார்க்கப் பல்லி, ஆனால் பல்லி இல்லை. அதன் முட்டை பொரிய ஒரு வருஷமும் அதற்கு மேலும் ஆகும்! இன்வர்கார்கில் நகர அருங்காட்சியகத்தில் ஹென்றி என்று ஒரு துவாட்டாரா பல வருஷம் பெண் துணையையே சீந்தாமல் முறைத்துக்கொண்டு கிடந்தது. கடைசியில் மில்ட்ரெட் என்ற பெண் துவாட்டாராவோடு சேர்ந்தது. 2009 ஜனவரியில் முட்டைகள் பொரிந்தன. 11 குட்டிகள்! ஹென்றி அப்பாவானபோது வயது சுமார் 111!