ஏறும்... ஆனா தாங்குமா?

வீட்டுக்குச் சக்கரம் மாட்டி இழுத்துட்டுப் போனா அது கேரவன். சினிமா ஷூட்டிங் ஸ்பாட்ல பார்த்திருப்பீங்க. அதே வீட்டைச் சக்கரமே இல்லாம, ஒரு பிக்கப் வண்டியோட முதுகுல தூக்கி உக்கார வெச்சா? அமெரிக்காவுல அதுக்குப் பேர் டிரக் கேம்பர்!

பின்தொட்டிக்குள்ள கச்சிதமா உக்காரும் ஒரு பெட்டி. உள்ளே அடுப்பு, கேஸ்ல ஓடுற ஃபிரிட்ஜ், சாப்பாட்டு மேஜை, சின்னதா ஒரு பாத்ரூம். படுக்கை எங்கே தெரியுமா? டிரைவர் தலைக்கு மேல, வண்டிக் கூரையைத் தாண்டி நீட்டிட்டிருக்கும் மச்சுல! காட்டுக்குப் போனதும் நாலு மூலையில இருக்குற ஜாக்கியை இறக்கினா, கேம்பர் நாலு கால் மேஜை மாதிரி தனியா நிக்கும். வண்டியை மட்டும் உருவிக்கிட்டு டவுனுக்குப் போய் காய்கறி வாங்கிட்டு வரலாம். செம ஐடியா இல்ல?

எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960-ல் இப்படித்தான் கிளம்பினார். ஒரு ஜி.எம்.சி. பிக்கப், மேல ஒரு கேம்பர், துணைக்கு சார்லின்னு ஒரு பூடில் நாய். வண்டிக்கு அவர் வெச்ச பேர் ரோசினான்ட்டே. டான் கிஹோட்டே கதையில வர்ற குதிரையோட பேர்! அந்தப் பயணம் 1962-ல் புத்தகமா வந்துச்சு. அதே வருஷம் அவருக்கு நோபல் பரிசும் வந்துச்சு. அந்த வண்டி இன்னிக்கும் கலிஃபோர்னியாவின் சலினாஸ் ஊர்ல, அவர் பேர்ல இருக்குற மையத்துல நிக்குது.

புதுக் கேம்பர் விலையைக் கேட்டா மயக்கம் வரும். அதனால பல பேர் தேடுறது 80-கள்ல, 90-கள்ல செஞ்ச செகண்ட் ஹேண்ட் கேம்பரைத்தான். அதைச் சுமக்க அவங்க கண்ணு போற வண்டி 'டூயலி'. பின் அச்சுல பக்கத்துக்கு ரெண்டுன்னு மொத்தம் நாலு டயர். நம்ம ஊர் டாடா 407 பின்னாடி பார்ப்பீங்களே, அதே ஜோடி டயர்தான். செவர்லே கம்பெனி 1973 மாடல்லயே 'பிக் டூலி'ன்னு ஜோடி டயர் பிக்கப்பை இறக்கிடுச்சு.

'ஆறு டயர் இருக்கு... யானையையே ஏத்தலாம் பாஸ்'னு தோணும். இங்கதான் ஆரம்பிக்குது வில்லங்கம்!

இடுப்பு பெருத்த வண்டி

டூயலியோட பின்தொட்டி உள்ளளவு சாதா பிக்கப் மாதிரியேதான். சக்கர மேடு ரெண்டுக்கும் நடுவுல நாலடிக்குக் கொஞ்சம் கூட. அதாவது 4-க்கு 8 பிளைவுட் ஷீட் படுத்து உக்காரும். ஆனா வெளியே? கூடுதல் டயரை மூடுறதுக்காக ரெண்டு பக்கமும் மட்கார்டு புடைச்சு நிக்கும். சாதா பிக்கப் சுமார் 80 அங்குல அகலம்னா, டூயலியோட இடுப்பு சுமார் 96 அங்குலம். முழுசா எட்டடி!

வழக்கமா 80 அங்குலமோ அதுக்கு மேலயோ அகலம் இருக்குற டிரக்குக்கு அமெரிக்கச் சட்டப்படி தனி அடையாள விளக்குகள் வேணும். டூயலி கூரை நெத்தியில வரிசையா அஞ்சு மஞ்சள் லைட் எரியுதே, அது ஸ்டைலுக்கு இல்லைங்க... 'நான் அகலமானவன், தள்ளிப் போ'ங்கிற எச்சரிக்கை!

இப்ப கேம்பர் ஜாக்கி மேல நிக்குது. வண்டி ரிவர்ஸ்ல அதுக்கு அடியில போகணும். போற வழியில பின்பக்க மட்கார்டு ரெண்டும், கேம்பரோட முன் ஜாக்கி ரெண்டுக்கும் நடுவுல நுழைஞ்சாகணும். பழைய கேம்பர் பலதையும் சாதா பிக்கப்பை மனசுல வெச்சு செஞ்சிருப்பாங்க. முன் ஜாக்கிகளுக்கு நடுவுல எட்டடி கிடைக்காது. பெட்டி தொட்டிக்குள்ள கரெக்டா உக்காரும். ஆனா வண்டி பெட்டிக்கு அடியிலயே போக முடியாது!

இதுக்கு வழி இருக்கு. முன் ஜாக்கியை வெளிப்பக்கம் தள்ளி நிறுத்துற பிராக்கெட். ரெண்டு வகை உண்டு. ஒண்ணு, நிரந்தரமா நீட்டிட்டு நிக்கும். விலை கம்மி, ஆனா ரோட்டுல போறப்ப மரக்கிளையோ மைல்கல்லோ எது வேணா இடிக்கும். இன்னொண்ணு, கதவு மாதிரி வெளியே திறந்து உள்ளே மடங்குறது. ஏத்துறப்ப திறந்து வெச்சு, ஏத்தினதும் மடக்கிடலாம். ஹாப்பிஜாக் மாதிரி கம்பெனிகள் இதைத் தனியாவே விக்கிறாங்க. 'வாங்கினோமா, நாலு போல்ட்டு போட்டோமா, கிளம்பினோமா'ன்னு நினைச்சா... கொஞ்சம் பொறுங்க.

மரம் என்ன சொல்லுது?

பழைய கேம்பர் பலதும் மரச்சட்டம்தான். மேல மெல்லிசா அலுமினியத் தகடு இல்லேன்னா ஃபைபர். வெளியே பாலீஷ் போட்டு பளபளன்னு இருக்கும். ஆனா முப்பது வருஷ மழை, கூரை ஓரத்துலயும் ஜன்னல் இடுக்குலயும் கசிஞ்சு உள்ளே இறங்கியிருக்கும். அது போய்த் தேங்குற இடங்கள்ல முக்கியமானது மூலைகள். ஜாக்கியை முடுக்கியிருக்குறதும் அதே மூலையிலதான்!

இந்த இடத்துல இன்ஜினீயரிங் மெக்கானிக்ஸ் பேப்பரை ஞாபகப்படுத்திக்குங்க. ஒரு ஜாக்கி 400 கிலோ தாங்குதுன்னு வெச்சுப்போம். பிராக்கெட் போட்டு அந்தக் காலை 15 சென்டிமீட்டர் வெளியே தள்ளினா என்ன ஆகும்? எடை அதேதான். ஆனா திருப்புத்திறன் 400 பெருக்கல் 0.15, அதாவது 60 கிலோ-மீட்டர் கூடுது. அந்தக் கூடுதல் முறுக்கு மொத்தமும் போய் விழுறது மூலை மரத்துல. மரம் நல்லா இருந்தா ஒரு பிரச்னையும் இல்லை. உளுத்திருந்தா, ஸ்க்ரூ வெண்ணெயில குத்தின மாதிரி பிடுங்கிக்கிட்டு வரும். ஒன்றரை டன் பெட்டி ஒரு பக்கமா சாயும். அந்த நேரம் அடியில குனிஞ்சு அளவு பார்த்துட்டிருக்குற ஆளோட கதி?

அதனால விவரம் தெரிஞ்சவங்க பிராக்கெட்டை ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி ஒரு ஸ்க்ரூ டிரைவரோட கிளம்புவாங்க. மூலைக்கு அடியில குத்திப் பார்ப்பாங்க. கட்டை விரலால சுவரை அழுத்துவாங்க. கூரையில ஏறிக் காலை வெச்சா மெத்து மெத்துன்னு இருக்கான்னு பார்ப்பாங்க. உள்ளே போய் அலமாரியைத் திறந்து மோந்து பார்ப்பாங்க. ஈரவாடை பொய் சொல்லாது. மரம் போயிருந்தா முதல் வேலை ஆசாரி வேலை. பிராக்கெட் அப்புறம்தான்.

தலை இடிக்குது!

அடுத்த தகராறு உயரம். இப்ப வர்ற பிக்கப்களுக்குக் கூரையும் உசரம், தொட்டியோட பக்கச் சுவரும் உசரம். பழைய கேம்பரோ குட்டையான வண்டிக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை. அப்படியே ஏத்தினா மச்சுப் படுக்கை கூரையில முட்டும். இல்லேன்னா கேம்பரோட பக்க இறக்கை தொட்டிச் சுவர் மேல உக்கார்ந்துக்கும். தரை தொட்டியைத் தொடாம அந்தரத்துல நிக்கும். மொத்த எடையும் தகரச் சுவர்ல!

இதுக்கு வைத்தியம், தொட்டிக்குள்ள மரச்சட்டமும் பிளைவுட்டும் போட்டு ஒரு மேடை. அதுக்கு மேல ரப்பர் விரிப்பு. கேம்பர் வழுக்காது. ஆனா மேடை உசர உசர, எடையும் மேல போகும். வளைவுல ஆட்டம் கூடும். தேவைக்கு மேல ஒரு அங்குலம்கூட ஏத்தாதீங்கன்னு சொல்றது அதனாலதான்.

அந்த ஸ்டிக்கரைப் படிச்சீங்களா?

அளவு பிரச்னை எல்லாம் முடிஞ்சது. வண்டி உள்ளே போகுது, பெட்டி உக்காருது. எல்லாரும் கைதட்டுறாங்க. நிஜப் பரீட்சை இனிமேதான்!

டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர். ஆளும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாதுன்னு அதுல போட்டிருக்கும். கேம்பர்லயும் எடை போட்ட லேபிள் இருக்கும். ஆனா அது அந்தக் கேம்பர் புதுசா கம்பெனியை விட்டு வெளியே வந்தப்ப இருந்த எடை. முப்பது வருஷத்துல எத்தனை ஓனர், எத்தனை எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்!

ஒரு கணக்கு போடலாமா? உதாரணத்துக்குத்தான்... வெறும் கேம்பர் 1,400 கிலோ. தண்ணித் தொட்டி ரொம்பினா 150 லிட்டர், அதாவது 150 கிலோ. கேஸ் சிலிண்டர் ரெண்டு, 34. பேட்டரி ரெண்டு, 50. பழைய ஓனர் மாட்டின ஏ.சி., 45. நிழல் பந்தல், 40. பிராக்கெட், மேடை, கட்டுற சாமான், 60. துணிமணி, பாத்திரம், அரிசி, பருப்பு, டூல்ஸ், 200. ரெண்டு ஆள், 150. கூட்டுங்க... 2,129 கிலோ! 1,400-ன்னு நம்பி வாங்கினது பாதிக்கு மேல வீங்கிடுச்சு.

ஸ்டிக்கர்ல 1,600 கிலோ போட்டிருக்குற சாதா பிக்கப்னா இது 529 கிலோ ஓவர்லோடு. 2,300 போட்டிருக்குற டூயலின்னா 171 கிலோ மிச்சம். டூயலிக்கு இவ்வளவு மெனக்கெடுறது இந்த மிச்சத்துக்காகத்தான். மிச்சம் அவ்வளவுதாங்கிறதும் ஞாபகம் இருக்கட்டும். ரெண்டு நண்பர்கள் 'நாங்களும் வரோம் மச்சி'ன்னு பையோட ஏறினா அதுவும் காலி!

'ஏர் பேக் போட்டுக்கலாம், ஸ்பிரிங் பட்டை ரெண்டு சேர்த்துக்கலாம்'னு யாராவது சொல்லுவாங்க. போடலாம். வண்டி பின்னாடி தொங்காம நிமிர்ந்து நிக்கும். ஆனா பிரேக், அச்சு, டயர் எல்லாம் அதே பழசுதானே? ஸ்டிக்கர்ல இருக்குற எண் ஒரு கிலோகூட ஏறாது. டயரோட பக்கவாட்டுல பாருங்க, ரெண்டு எடை போட்டிருக்கும். தனியா ஓடினா ஒண்ணு, ஜோடியா ஓடினா அதைவிடக் கொஞ்சம் கம்மி. நாலு டயர்ங்கிறதால தாங்குற எடை அப்படியே ரெண்டு மடங்காகாது.

கணக்கைச் சரிபார்க்க ஒரே வழி, எடை மேடை. அமெரிக்க நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப் பலதுல 'கேட் ஸ்கேல்' இருக்கும். லாரிக்காரங்களோட வரிசையில நின்னு ஏறினா, முன் அச்சு, பின் அச்சுன்னு பிரிச்சு சீட்டு கொடுத்துடுவாங்க.

பிரிச்சுப் பார்க்கணுமா என்ன? ஆமாம். கேம்பரோட பக்கவாட்டுல ஈர்ப்பு மையத்துக்கு ஒரு குறி இருக்கும். அது பின் அச்சுக்கு நேராவோ, கொஞ்சம் முன்னாடியோ விழணும். 2,000 கிலோ கேம்பரோட மையம் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னாடி போயிடுச்சுன்னு வைங்க. முன், பின் அச்சுக்கு நடுவுல நாலரை மீட்டர். 2,000 பெருக்கல் 0.3, வகுத்தல் 4.5... முன் சக்கரத்துல இருந்து 133 கிலோ எழும்பிடும். ஸ்டீயரிங் பூ மாதிரி லேசா திரும்பும். மலைப்பாதையில மழை பெய்யறப்ப அது நல்ல செய்தி இல்லை!

ஏத்துற நாள்

வண்டியை நத்தை வேகத்துல ரிவர்ஸ் எடுக்கணும். ரெண்டு பக்கமும் சில அங்குலம்தான் இடைவெளி. நம்ம ஊர் லாரி கிளீனர் மாதிரி 'வரட்டும்... வரட்டும்... போதும்!'னு குரல் கொடுக்க ஒரு ஆள் கட்டாயம். தண்ணித் தொட்டி காலியா இருக்கணும். ஜாக்கி மேல நிக்கிறப்ப யாரும் அடியில தலையைக் கொடுக்கவோ, உள்ளே ஏறவோ கூடாது.

உக்கார்ந்ததும் கட்டணும். அந்தக் காலத்துல தொட்டித் தகரத்துலயும் பம்பர்லயும் கொக்கி போட்டு இழுத்துக் கட்டினாங்க. ரெண்டு டன் பெட்டி ஆடுற ஆட்டத்துல தகரம் கிழிஞ்சுக்கும். இப்ப சேஸிஸ்லயே போல்ட்டு போட்டு, அதுல இருந்து நாலு மூலைக்கும் டர்ன்பக்கிள் முறுக்கி இறுக்குறாங்க. கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்கிப் பார்க்கணும். எல்லாம் கொஞ்சம் படிஞ்சு தளர்ந்திருக்கும்.

வாங்குறதுக்கு முன்னாடி 6 கேள்வி!

1. முன் ஜாக்கிகளுக்கு நடுவுல எவ்வளவு? வண்டியோட இடுப்பு எவ்வளவு?

2. மூலை மரம் கெட்டியா? குத்திப் பார்த்தாச்சா?

3. மச்சுக்கும் கூரைக்கும், இறக்கைக்கும் தொட்டிச் சுவருக்கும் இடைவெளி இருக்கா?

4. எல்லாத்தையும் ரொப்பினா மொத்த எடை எவ்வளவு? ஸ்டிக்கர்ல எவ்வளவு?

5. ஈர்ப்பு மையக் குறி பின் அச்சுக்கு முன்னாடி விழுதா?

6. உள் டயருக்குக் காத்து பார்த்தாச்சா? ஜோடியில ஒண்ணு இறங்கினா வெளியே தெரியாது. இன்னொண்ணு சத்தமில்லாம ரெண்டு பங்கையும் சுமந்து, சூடாகி வெடிக்கும். உள் டயர் வால்வுக்கு நீட்டுக்குழாய் மாட்டுறது அதுக்காகத்தான்.

இதுல அஞ்சு கேள்விக்கு டேப், ஸ்க்ரூ டிரைவர், காத்து மீட்டர் போதும். நாலாவதுக்கு மட்டும் எடை மேடைக்குப் போகணும். பழைய கேம்பர் வாங்குற பல பேர் முதல் கேள்வியோட நிறுத்திக்கிறாங்க. பெட்டி ஏறிடுச்சு, ஃபோட்டோ எடுத்தாச்சு, கிளம்பியாச்சு. அது தாங்குதாங்கிற பதில் அவங்களுக்குக் கிடைக்கிறது, ஏதோ ஒரு மலை இறக்கத்துல பிரேக்கை மிதிக்கிறப்ப.

பேப்பர்ல 60 கிலோ-மீட்டர்னு எழுதினா ரெண்டு மார்க். அதே 60 கிலோ-மீட்டர் ஒரு உளுத்த மரத்து மேல விழுறப்ப, அடியில நிக்கிறவனுக்கு அது உயிர். செமஸ்டருக்கு மெக்கானிக்ஸ் படிக்கிறப்ப, பக்கத்துல ஒரு கேம்பர் படம் வரைஞ்சு வெச்சுக்குங்க மக்களே!