எந்திரம் வேகமெடுத்தால் நாணயம் கூடுமா?

ஏலமலைச் சரிவுகளில் ‘ஞள்ளானி’ ஏலக்காய் ரகம் பரவியபோது விளைச்சல் மொத்தமாகவே உயர்ந்தது. இடுக்கி விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்து வளர்த்த அந்தச் செடி, முதலில் நட்டவருக்கும் காய் கொடுத்தது. அவரைப் பார்த்து நட்ட அடுத்த தோட்டக்காரருக்கும் கொடுத்தது. பிட்காயின் மைனிங்கில் அப்படி நடக்காது. உலகில் உள்ள எல்லோரும் பத்து மடங்கு வேகமான எந்திரத்துக்கு மாறினாலும், ஒரு நாளில் பிறக்கும் நாணயம் ஒன்றுகூட நிலையாக அதிகமாகாது. மாடியில் ஒரு மெஷின் வைத்தால் மாதாமாதம் வருமானம் என்ற பேச்சைக் கேட்டு, காய் விற்ற பணத்தை அதில் போட நினைக்கும் போடிநாயக்கனூர்க்காரர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

பிட்காயின் பரிவர்த்தனைகள் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தொகுப்பாகப் பதிவாகின்றன. அந்தத் தொகுப்புக்கு ‘பிளாக்’ என்று பெயர். அதைப் பதிவு செய்யும் உரிமையைப் பெற, மைனிங் எந்திரம் அதில் ஓர் எண்ணைச் சேர்த்து எஸ்.எச்.ஏ-256 என்ற கணக்குக்குள் இருமுறை செலுத்துகிறது. வரும் விடை ஒரு குறிப்பிட்ட இலக்குக்குக் கீழே இருந்தால் வெற்றி, பரிசாகப் புது நாணயம். எந்த எண்ணுக்கு எந்த விடை வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல வழியே கிடையாது. எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். யார் ஒரு நொடியில் அதிக எண்களைப் போட்டுப் பார்க்கிறாரோ, அவருக்கு வாய்ப்பு அதிகம்.

எந்திரங்கள் வேகமானால் பத்து நிமிட வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடாதா? முடியும், ஆனால் அது நீடிக்காது. ஒவ்வொரு 2,016 பிளாக்குக்கும் ஒருமுறை மென்பொருள் கணக்குப் பார்க்கிறது. அவை முடிய 14 நாள் ஆகியிருக்க வேண்டும். ஏழே நாளில் முடிந்திருந்தால் இலக்கு பாதியாகச் சுருங்கும், அதாவது கடினத்தன்மை இரண்டு மடங்காகும். நாள் கூடியிருந்தால் கடினத்தன்மை குறையும். ஒரே தடவையில் நான்கு மடங்குக்கு மேல் ஏறவோ, நான்கில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கவோ முடியாது. எந்த நிறுவனத்தின் எந்திரம், என்ன சிப் என்பதெல்லாம் அந்த மென்பொருளுக்குத் தெரியாது. அது பார்ப்பது கடிகாரத்தை மட்டுமே.

2009 ஜனவரியில் பிட்காயின் தொடங்கியபோது கடினத்தன்மை 1. சாதாரணக் கம்ப்யூட்டரே போதுமாக இருந்தது. 2010இல் விளையாட்டுக்காக வாங்கும் கிராபிக்ஸ் கார்டுகள் நுழைந்தன. ஆனால் ஆட்டத்தையே மாற்றியது ஏசிக் எனப்படும் சிப். எஸ்.எச்.ஏ-256 ஒன்றைத் தவிர வேறு எந்தக் கணக்கும் அதற்குத் தெரியாது. அந்த ஒன்றை அசுர வேகத்தில் செய்யும். முதல் ‘அவலான்’ ஏசிக் எந்திரங்கள் 2013 ஜனவரியில் வாடிக்கையாளர் கைக்கு வந்தன. அந்த மாதத் தொடக்கத்தில் சுமார் 30 லட்சமாக இருந்த கடினத்தன்மை, ஓராண்டு கழித்து 140 கோடியைத் தாண்டியது. ஏறத்தாழ 475 மடங்கு! கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தவர்கள் அந்த ஓராண்டிலேயே களத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

அதே கதை அதன்பின் ஏசிக் வாங்கியவர்களுக்கும் நேர்ந்தது. 2016இல் வந்த ஆன்ட்மைனர் எஸ்9, நொடிக்குச் சுமார் 13.5 லட்சம் கோடி முறை முயன்றது. 2020இல் வந்த எஸ்19 புரோ 110 லட்சம் கோடி முறை. ஒரே அளவு வேலைக்கு எஸ்9 எடுத்த மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இதற்கு வேண்டாம். அதனால் உலகின் மின்செலவு குறைந்துவிடவில்லை. மிச்சமான மின்சாரத்தில் இன்னும் நிறைய எந்திரங்களை ஓட்டினார்கள், கடினத்தன்மை ஏறியது. புது எந்திரம் முதலில் கையில் கிடைத்தவருக்கு, மற்றவர்கள் வாங்கும் வரை மட்டும்தான் லாபம். எந்திரத்தைச் செய்து விற்பவருக்கோ ஒவ்வொரு சுற்றிலும் லாபம்.

தலைகீழாகவும் ஒருமுறை நடந்தது. 2021இல் சீனா மைனிங்கைத் தடுத்தபோது லட்சக்கணக்கான எந்திரங்கள் ஒரே நேரத்தில் அணைந்தன. ஜூலை 3 அன்று கடினத்தன்மை ஏறத்தாழ 28 சதவீதம் விழுந்தது, அதுவரை இல்லாத சரிவு. மற்ற நாடுகளில் ஓடிக்கொண்டிருந்த அதே பழைய எந்திரங்கள் மறுநாளே கூடுதலாகச் சம்பாதித்தன.

மொனேரோ என்ற நாணயத்தை நடத்துபவர்கள் இந்த ஏசிக் ஓட்டமே வேண்டாமென்று 2018இல் கணக்கு முறையை மாற்றினார்கள். 2019 நவம்பரில் சாதாரண பிராசசருக்கு ஏற்ற ‘ரேண்டம்எக்ஸ்’ முறைக்குப் போனார்கள். பிட்காயின் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இனி போடிக் கணக்கு. எஸ்19 புரோ கையால் தூக்கக்கூடிய ஓர் அலுமினியப் பெட்டி. உள்ளே மூன்று பலகைகளில் 342 சிப்கள், இரு முனையிலும் இரண்டிரண்டு மின்விசிறிகள். அது எடுப்பது 3,250 வாட், நாளுக்கு 78 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தால் 780 ரூபாய். வரவு? 2024 ஏப்ரலுக்குப் பின் உலகம் முழுமைக்கும் நாளொன்றுக்குப் பிறக்கும் புது பிட்காயின் சுமார் 450. 2025இல் உலக எந்திரங்களின் கூட்டு வேகம் எட்டிய அளவை வைத்துப் பார்த்தால், இந்தப் பெட்டியின் பங்கு சுமார் 90 லட்சத்தில் ஒன்று. ஒரு பிட்காயின் ஒரு கோடி ரூபாய் என்றாலும் கிடைப்பது நாளுக்கு 500 ரூபாய்தான். எந்திரத்தின் விலையைச் சேர்க்காமலே 280 ரூபாய் கைநட்டம்.

லோயர் கேம்ப்பில் நீர்மின்சாரம் இருக்கிறது, ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலை சுற்றுகிறது, மேலே குளிர் இருக்கிறது என்று சொல்வார்கள். பூடானில் அரசின் முதலீட்டு நிறுவனமே நீர்மின்சாரத்தில் மைனிங் செய்கிறது. அது தன் நாட்டு மின்சாரத்தைத் தானே பயன்படுத்துகிறது. லோயர் கேம்ப் மின்சாரம் போவது பொது மின்தொகுப்புக்கு. மின்நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் போடிக்காரருக்கு யூனிட் விலை குறையாது.

வெப்பத்தையாவது பயன்படுத்தலாமா? நியாயமான கேள்வி. பின்லாந்தில் மைனிங் வெப்பத்தால் வீடுகளைச் சூடாக்குகிறார்கள். இங்கே காய் ஸ்டோரில் வெளியே அடுப்பில் விறகெரித்து, இரும்புக் குழாய் வழியே சூட்டை அறைக்குள் ஓட்டி, வலைத்தட்டுகளில் பரப்பிய பச்சைக்காயை ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க 50 டிகிரி அளவில் உலர்த்துகிறார்கள். சூடு சீராக இருந்தால்தான் காய் பச்சை நிறம் மாறாமல் வரும், ஏலத்தில் விலையும் வரும். மைனிங் எந்திரம் எடுக்கும் மின்சாரம் முழுதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. ஆனால் நல்ல காய்ந்த விறகு ஒரு கிலோவில் நான்கு யூனிட் அளவுக்கு வெப்பம் இருக்கிறது. ஆக, இந்தப் பெட்டி ஒரு நாள் முழுக்க ஓடித் தருவது சுமார் இருபது கிலோ விறகின் சூடு. 280 ரூபாய் நட்டத்தை அது அடைக்காது.

வரியும் சாதகமாக இல்லை. 2022 பட்ஜெட்டில் பிட்காயின் போன்ற சொத்துகளின் லாபத்துக்கு 30 சதவீத வரி வந்தது. மைனிங்குக்கான கட்டமைப்புச் செலவைக் கொள்முதல் விலையாகக் கழிக்க முடியாது என்று நிதியமைச்சகம் அதே ஆண்டு மார்ச்சில் நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டது.

எந்திரமே வேண்டாம், பணத்தை மட்டும் கொடுங்கள், நாங்கள் எங்கோ ஓட்டுகிறோம் என்பவர்கள் இன்னும் ஆபத்தானவர்கள். ‘கெயின்பிட்காயின்’ திட்டம் மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதம் தருவதாகச் சொல்லி நாடு முழுக்கப் பணம் திரட்டியது. இப்போது அது சி.பி.ஐ. விசாரணையில் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கடினத்தன்மை மாறும் தொழிலில், 18 மாதத்துக்கு நிலையான வருமானம் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. யாராவது கணக்குத் தாளோடு வந்தால் மூன்றை மட்டும் கேளுங்கள்: இதில் எந்தத் தேதியின் கடினத்தன்மை போட்டிருக்கிறது, யூனிட் என்ன விலை, அடுத்த ஆண்டு கடினத்தன்மை ஒன்றரை மடங்கானால் இதே தாள் என்ன சொல்லும்?