தூக்கத்தில் மூக்கும் தூங்கும்

கோவை துடியலூர் அருகே உருமாண்டம்பாளையத்தில், 2022-இல் ஒரு வீட்டில் யு.பி.எஸ். தீப்பிடித்தது. எழுந்த புகையில் மூச்சுத் திணறித் தாயும் இரண்டு மகள்களும் இறந்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் வேலூரில், இரவு சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து, தந்தையும் பதிமூன்று வயது மகளும் அதே விதமாக உயிரிழந்தார்கள். நவம்பரில் சென்னையை அடுத்த ஊரப்பாக்கத்தில் பிரிட்ஜிலிருந்து கிளம்பிய புகை ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொண்டுபோனது. யு.பி.எஸ்., ஸ்கூட்டர், பிரிட்ஜ் ஆகிய மூன்றில் இரண்டு பொருளாவது இல்லாத வீடு இன்று கொங்கு நாட்டில் அரிது.

யு.பி.எஸ். நம் வீடுகளுக்குள் வந்த கதை எல்லோருக்கும் நினைவிருக்கும். 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. கடன் வாங்கியாவது பேட்டரி வாங்கினோம். அதை ஹாலில் சோபாவுக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என்று இடம் கிடைத்த மூலையில் வைத்தோம். மின்வெட்டு குறைந்துவிட்டது, பேட்டரி அதே மூலையில்தான் இருக்கிறது. டெர்மினலில் பச்சை பூத்து, ஒயர் தளர்ந்து, மேலே பழைய துணியும் செய்தித்தாளும் குவிந்து கிடக்கின்றன.

வீட்டுக்கு ஸ்மோக் டிடெக்டர் வையுங்கள் என்று சொன்னால் நம் பக்கம் வரும் பதில் ஒன்றுதான்: "அதெல்லாம் ஓட்டல்ல வெக்கறதுங்க, வூட்டுக்கு எதுக்குங்க? பொகை வந்தா நாத்தம் தெரியாதுங்களா?" விழித்திருந்தால் தெரியும். தூங்கும்போது காது ஓரளவு விழிப்பாக இருக்கிறது, மூக்கு அப்படி இல்லை. புகை நாற்றம் ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பவரை எழுப்பும் என்று நம்ப முடியாது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் எழாமலே மயங்குகிறார், எழுந்தாலும் கால் பின்னுகிறது, கதவு எந்தப் பக்கம் என்று புரிவதில்லை. போதாக்குறைக்கு இன்றைய வீட்டில் எரிவது விறகும் வைக்கோலும் அல்ல. போம் மெத்தை எரிந்தால் சயனைடு வாயு வருகிறது, பி.வி.சி. ஒயர் எரிந்தால் அமில வாயு வருகிறது. கூரையில் பொருத்திய கருவி மூன்று மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் அளவுக்கு அலறி, நமக்கு வாங்கித் தருவது சில நிமிடங்கள். உருமாண்டம்பாளையத்தில் இல்லாமல் போனது அந்தச் சில நிமிடங்கள்தான் என்று நினைக்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

இயங்கும் புகை அலாரம் இருக்கும் வீடுகளில் தீயால் சாகும் ஆபத்து பாதிக்கும் மேல் குறைகிறது என்பது அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கம் பல ஆண்டுகளாகத் தொகுத்த கணக்கு. ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரி 1 முதல் எல்லா வீடுகளிலும் ஒன்றோடொன்று இணைந்த அலாரங்கள் இருக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. இங்கே சாதாரணத் தனி வீட்டுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால்தான் அது உயரடுக்குக் கட்டடம்; அதற்குத்தான் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று முதலான கெடுபிடி எல்லாம். சரவணம்பட்டியிலோ வடவள்ளியிலோ ஒரு மாடி வைத்துக் கட்டிய வீட்டுக்கு எந்த அதிகாரியும் வந்து கேட்கப்போவதில்லை. நாம்தான் வாங்கி மாட்ட வேண்டும்.

வாங்கும் இடத்திலேயே ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. ஸ்மோக் டிடெக்டர் என்று கடையிலும் ஆன்லைனிலும் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, அலுவலகங்களிலும் மில்களிலும் கன்ட்ரோல் பேனலோடு ஒயர் போட்டு இணைக்க வேண்டியது. அதற்குத் தானாகச் சத்தம் போடத் தெரியாது. பேனல் இல்லாமல் கூரையில் மாட்டினால் அது வெறும் பொம்மை. விலை குறைவு என்பதால் விவரம் தெரியாமல் இதை வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு வேண்டியது பேட்டரியும் சைரனும் உள்ளேயே இருக்கும் தனி அலாரம். கடைக்காரரிடம், "பேனல் இல்லாம தனியாவே அடிக்குங்களா, டெஸ்ட் பட்டன் இருக்குங்களா?" என்று கேட்டு, அங்கேயே அழுத்திச் சத்தத்தைக் கேட்ட பிறகு காசு கொடுங்கள். இ.என். 14604 அல்லது யு.எல். 217 என்ற தர எண் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒளியால் புகையை உணரும் போட்டோ எலக்ட்ரிக் வகையே நமக்கு ஏற்றது. ஒயரும் மெத்தையும் கருகிக் கருகிப் புகைவதை அதுதான் சீக்கிரம் கண்டுகொள்ளும். பத்தாண்டு உழைக்கும் லித்தியம் பேட்டரி உள்ளேயே அடைத்து வருவது கிடைத்தால் சற்று விலை கூடினாலும் அதையே வாங்கலாம். ரிமோட்டுக்கு பேட்டரி தீர்ந்தால் அலாரத்திலிருந்து கழற்றிப் போடும் பழக்கத்துக்கு அங்கே வழி இல்லை.

எங்கே மாட்டுவது? ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், படுக்கையறைக் கதவுக்கு வெளியே, ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள கூரையில். யு.பி.எஸ்., பிரிட்ஜ், டிவி எல்லாம் இருக்கும் ஹாலிலிருந்து வரும் புகை, தூங்குகிறவரை எட்டும் முன் அதைத்தான் கடக்கும். அடுத்தது வாங்கும்போது ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும். ஏசி போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறோம், அந்த அறைக்குள்ளேயே போன் சார்ஜில் கிடக்கிறது, கொசுவத்தி எரிகிறது. மாடி இருந்தால் படிக்கட்டு முடியும் இடத்தில் ஒன்று கட்டாயம் வேண்டும். புகைக்கு மாடிப்படிதான் புகைபோக்கி. குவைத்தின் மங்காப்பில் 2024 ஜூன் 12 அதிகாலை தொழிலாளர் குடியிருப்பின் தரைத்தளத்தில் பிடித்த தீயில் நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள், அவர்களில் ஏழு பேர் தமிழர்கள். இறந்தவர்களில் பலரைக் கொன்றது மேலே ஏறிய புகைதான். நம் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் பேட்டரி இருந்தால், மேலே படுப்பவர்கள் இறங்கி வர வேண்டிய ஒரே வழி அதுதான் என்பதை யோசித்துப் பாருங்கள். முடிந்தால் இந்த வாரமே பேட்டரியைக் காற்றோட்டமான வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். கீழே அடித்தால் மேலேயும் சேர்ந்து அடிக்கும் ஒயர்லெஸ் இணைப்பு அலாரங்கள் மாடி வீட்டுக்குக் கொடுக்கும் காசுக்குத் தகும்.

கூரையின் நடுவில் மாட்டச் சொல்லும் வெளிநாட்டுக் குறிப்பேடுகள் நம் வீட்டு ஃபேனைக் கணக்கில் வைத்து எழுதியவை அல்ல. நடுவில் ஃபேன் ஓடுகிறது, அது புகையை அலாரத்தை அண்டவிடாமல் விரட்டும். ஃபேன் இறக்கையின் நுனியிலிருந்து மூன்று அடியாவது தள்ளி, ஃபேனுக்கும் சுவருக்கும் இடையில் மாட்டுங்கள். ஏசி காற்று நேராக அடிக்கும் இடம் ஆகாது. சுவரும் கூரையும் சேரும் மூலையில் காற்று தேங்குமாதலால் அங்கே புகை கடைசியாகத்தான் போகும், நாலு அங்குலமாவது விலக வேண்டும். சுவரில்தான் மாட்ட முடியும் என்றால் கூரையிலிருந்து அரை அடி முதல் ஓரடி வரை கீழே. குளியலறைக் கதவிலிருந்தும் வெந்நீர் பாய்லரிலிருந்தும் மூன்று அடி தள்ளி வையுங்கள்; நீராவியைக் கருவி புகை என்றே நினைக்கும்.

ஓட்டு வீட்டில் முகட்டின் உச்சியிலேயே வைக்காமல் நாலைந்து அங்குலம் இறக்கி வைக்க வேண்டும். தொட்டிக்கட்டு வீட்டில் திறந்த முற்றத்தைச் சுற்றி மாட்டிப் பயனில்லை, புகை வானத்துக்குப் போய்விடும். அறைக்கு ஒன்றாக உள்ளே வையுங்கள். தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகள்தான் எனக்குக் கவலை. சித்திரை வெயிலில் ஷீட்டுக்கு அடியில் கொதிக்கும் காற்று ஒரு படலமாக நிற்கும். எழும் புகை அதைத் தாண்டி மேலே போகாமல் பாதியில் நின்றுவிடும், அந்தச் சூட்டைக் கருவியும் தாங்காது. ஷீட்டில் மாட்டாதீர்கள், உள்சுவரில் இன்னும் இறக்கி மாட்டுங்கள்.

சோமனூர், பல்லடம் பக்கம் வீடும் தறிக்கூடமும் ஒட்டியே இருக்கும். தறி ஓடும் இடத்தில் பஞ்சு பறந்து ஸ்மோக் டிடெக்டரின் கண்ணை அடைத்துவிடும். அங்கே வெப்பத்தை உணரும் ஹீட் டிடெக்டரை வைத்து, இடைக்கதவுக்கு வீட்டுப் பக்கம் புகை அலாரத்தை வையுங்கள். பீஸ் தைக்கும் திருப்பூர் வீடுகளில் பனியன் துணிக் குவியல் படுக்கையறைக்குள்ளேயே இருக்கிறது. அலாரம் வாங்கும் முன் அந்தக் குவியலுக்கும் பிளக் பாயின்ட்டுக்கும் இடைவெளி விடுவது முதல் வேலை.

சமையலறைக்குள் புகை அலாரம் வேண்டாம். மிளகாய் தாளிக்கும் ஒவ்வொரு முறையும் அது கத்தும், மூன்றாம் நாள் யாராவது கழற்றிப் பரணில் போட்டுவிடுவார்கள். அடுப்பிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும், உள்ளே ஹீட் அலாரம் போதும். சாமி ரூம் வாசலுக்கும் இதே கணக்கு. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை நேராகப் போகும் இடத்தில் மாட்டாதீர்கள். இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: புகை அலாரம் கேஸ் கசிவைக் கண்டுபிடிக்காது. அதற்கு எல்.பி.ஜி. டிடெக்டர் தனியாக உண்டு. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும்; ஆகவே அந்தக் கருவியைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைக்க வேண்டும், கூரையில் அல்ல. கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள்.

மாட்டியதோடு மறந்துவிட்டால் இரண்டு வருடத்தில் அது சிலந்தி வீடு. அமாவாசை தவறாமல் கடைக்கும் பட்டறைக்கும் பூஜை போடும் ஊர் இது. அந்த நாளிலேயே டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், மாதம் ஒரு முறை ஆயிற்று. ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் துடைக்கும்போது இதையும் மென்மையான பிரஷ்ஷால் தட்டி, 9 வோல்ட் பேட்டரி போடும் வகையானால் புதியது போடுங்கள். பெயின்ட் அடிக்கும் ஆள் அதன் மேல் ஒரு கோட் அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்தாண்டு ஆனால் கருவியையே மாற்றிவிட வேண்டும். தயாரித்த தேதி பின்புறம் இருக்கும். உயர்ந்த கிரீச் ஒலி காது மந்தமான பெரியவர்களுக்குக் கேட்பதில்லை. ஆத்தா, அப்பாரு தனி அறையில் படுத்தால் அவர்களை எழுப்புவது யார் பொறுப்பு என்று பெயர் சொல்லிப் பேசி வையுங்கள்.

அலாரம் அடித்து எழுந்தவர் கிரில் கேட்டுப் பூட்டுக்கு இருட்டில் சாவி தேடினால் எல்லாம் வீண். திருட்டுப் பயத்தில் ஜன்னல், வாசல், மாடிக் கதவு எல்லாவற்றுக்கும் கம்பி போட்டு வைத்திருக்கிறோம். சாவி கதவருகே, வெளியிலிருந்து கை எட்டாத தூரத்தில், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆணியில் தொங்கட்டும். புகை சூழ்ந்தால் தரையோடு குனிந்து வெளியேறுங்கள், போகும்போது கதவுகளைச் சாத்திக்கொண்டு போங்கள். வெளியே வந்த பிறகு 101 அல்லது 112-ஐ அழையுங்கள். நகைக்காகவோ பத்திரத்துக்காகவோ திரும்ப உள்ளே போகாதீர்கள்.

சட்டம் தனி வீட்டைக் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும் நமக்குச் சில உரிமைகளைக் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் சட்டம் 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் அட்டவணைப்படி வீட்டின் மின் ஒயரிங் பராமரிப்பு வீட்டுக்காரர் பொறுப்பு, சுவிட்சு, பிளக் போன்ற சில்லறை வேலை குடியிருப்பவர் பொறுப்பு. பழைய ஒயர் சூடாகிறது, மெயின் அடிக்கடி விழுகிறது என்றால் வாயால் சொல்லி விட்டுவிடாமல், தேதி போட்டு எழுத்தில் அல்லது வாட்ஸ்அப்பில் தெரிவியுங்கள். செய்து தர மறுத்தால் வாடகை அதிகார அமைப்பிடம் மனு கொடுக்கலாம். புகை அலாரத்தை வாடகைக்கு இருப்பவரே மாட்டிக்கொள்வதுதான் சுலபம். இரண்டு திருகாணிதான், வீடு மாறும்போது கழற்றிக்கொண்டும் போகலாம்.

அப்பார்ட்மென்டில் நிலைமை வேறு. அங்கே பேனல், சைரன் எல்லாம் இருக்கும், ஆனால் பொய் அலாரம் அடித்துத் தொல்லை என்று பேனலையே ஆப் செய்து வைத்திருப்பார்கள். கீழே போய் வாட்ச்மேனிடம் பேனலைக் காட்டச் சொல்லுங்கள். மெயின்டனன்ஸ் கட்டும் ஒவ்வொருவருக்கும் அதைக் கேட்க உரிமை உண்டு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவான திட்டமாக இருந்து, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் குறை தெரிந்தால், பில்டர் முப்பது நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

பொருளே தீக்குக் காரணமானால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தயாரித்தவர், விற்றவர், பொருத்திக் கொடுத்தவர் ஆகியோரைப் பொறுப்பாக்க வழி தருகிறது. இழப்பு எவ்வளவு என்றாலும், பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்தே எந்த ஆணையம் என்பது முடிவாகும். ஆகவே யு.பி.எஸ்., ஸ்கூட்டர் போன்றவற்றுக்கு மாவட்ட ஆணையமே போதும். விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கால எல்லை இரண்டு ஆண்டு. முதல் ஆலோசனைக்கு 1915-ஐ அழைக்கலாம்.

ஆனால் வழக்கு நிற்பது சாட்சியத்தில். தீ அணைந்த மறுநாள் உறவினர்கள் நல்லெண்ணத்தில் வீட்டைக் கழுவி, கருகியதை எல்லாம் குப்பை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அதைத் தடுத்து நிறுத்துங்கள். எரிந்த பேட்டரி, சார்ஜர், ஒயர் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே படம் எடுத்து, சீரியல் எண் தெரிந்தால் குறித்து, பத்திரப்படுத்துங்கள். தீயணைப்பு நிலையத்திலிருந்து தீ விபத்து அறிக்கையும் காவல் நிலையத்திலிருந்து எப்.ஐ.ஆர். நகலும் கேட்டு வாங்குங்கள். பில்லும் வாரன்டி அட்டையும் வீட்டோடு எரிந்து போகலாமாதலால், யு.பி.எஸ்., ஸ்கூட்டர், பிரிட்ஜ் மூன்றின் பில்லையும் சீரியல் எண்ணையும் இன்றே போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்கள்.