சங்கிலி நீண்டால் நேரம் தவறும்

செபராங் ஜெயாவிலிருந்து பினாங்குத் தீவுக்குச் செல்லும் வாகனங்கள் பல பினாங்குப் பாலத்தைக் கடக்கின்றன. 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பாலத்தின் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் ஏறத்தாழ 10 நிமிடத்தில் கடந்துவிடலாம். அதற்குள் மெர்சிடிஸ் பென்ஸ் 240டி போன்ற ஒரு பழைய டீசல் மகிழுந்தின் இயந்திரம் சுமார் 25,000 முறை சுழன்றுவிடும். அத்தனை சுழற்சியிலும் ஓயாமல் உழைக்கும் ஓர் உறுப்பு அதனுள் மறைந்திருக்கிறது. அதுவே டைமிங் சங்கிலி.

இயந்திரத்தின் அடியில் இருப்பது கிராங்குத் தண்டு. பிஸ்டன்களின் மேலும் கீழுமான அசைவை அது சுழற்சியாக மாற்றுகிறது. மேலே இருப்பது கேம் தண்டு. காற்று உள்ளே வரவும் புகை வெளியேறவும் வால்வுகளை அது திறக்கிறது. கிராங்குத் தண்டு இருமுறை சுழலும்போது கேம் தண்டு ஒருமுறை சுழல வேண்டும். இக்கணக்குப் பிசகாமல் இரண்டையும் இணைப்பது டைமிங் சங்கிலியே. 240டி இயந்திரத்தில் எரிபொருளைச் செலுத்தும் பம்பையும் இதே சங்கிலிதான் இயக்குகிறது.

ஆண்டுகள் செல்லச் செல்லச் சங்கிலி நீள்கிறது. இரும்பு இழுபட்டு நீள்வதாக எண்ணிவிடக் கூடாது. கண்ணிகளை இணைக்கும் ஊசிகளும் அவற்றைச் சூழ்ந்த குழல்களும் உராய்ந்து தேய்வதே காரணம். எடுத்துக்காட்டாக, ஓர் இணைப்பில் 0.02 மில்லிமீட்டர் தேய்ந்தால் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால், 100 இணைப்புகளிலும் அவ்வாறு தேய்ந்தால் சங்கிலி 2 மில்லிமீட்டர் நீண்டுவிடும். டீசல் இயந்திரத்தின் எண்ணெயில் கரித்துகள் விரைவில் சேரும். எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் தேய்மானம் இன்னும் கூடும்.

நீண்ட சங்கிலியால் கேம் தண்டும் பம்பும் பின்தங்குகின்றன. வால்வுகள் தாமதமாகத் திறக்கும். எரிபொருளும் தாமதமாகப் பாயும். அதனால் காலையில் இயந்திரம் எளிதில் இயங்காது, வெண்புகை வரலாம், இழுவிசையும் குறையலாம். ஆயினும், இவை வேறு பழுதுகளாலும் ஏற்படக்கூடியவை. ஆகவே, அறிகுறிகளை மட்டும் நம்பி முடிவு செய்ய இயலாது. அளந்து பார்க்க வேண்டும்.

அளக்கும் முறை எளியது. முதலில் இயந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, வால்வு மூடியைக் கழற்ற வேண்டும். பின்னர், கிராங்குத் தண்டின் முன்முனையிலுள்ள திருகாணியில் ஸ்பானரைப் பொருத்தி, இயந்திரம் இயல்பாகச் சுழலும் திசையிலேயே மெல்லத் திருப்ப வேண்டும். எதிர்த்திசையில் திருப்பினால் சங்கிலி தளர்ந்து அளவு பிழையாகிவிடும். கேம் தண்டின் குறியும் அதனைத் தாங்கும் கட்டையின் குறியும் நேர்க்கோட்டில் வந்தவுடன் நிறுத்த வேண்டும். அப்போது கிராங்குத் தண்டின் முன்சக்கரத்தில் பொறிக்கப்பட்ட அளவுகோலைப் பார்க்க வேண்டும். புதிய சங்கிலியாயின் முள் 0 பாகையை ஒட்டி நிற்கும். முள் 4 பாகையைக் காட்டினால், கிராங்குத் தண்டு அந்த அளவு முந்திச் சென்றுவிட்டது என்பது பொருள். கேம் தண்டோ 2 பாகை பின்தங்கியிருக்கும்.

தேய்மானம் சிறிதளவாயின், கேம் தண்டின் பற்சக்கரத்தைப் பிணைக்கும் சிறு ஆப்பை மாற்றி நேரத்தைச் சரிசெய்யலாம். எனினும், அது தேய்ந்த சங்கிலியைப் புதிதாக்கிவிடாது. தேய்மானம் 10 பாகையை நெருங்கினால் சங்கிலியையே மாற்றுவது நல்லது. பழைய சங்கிலியின் ஒரு கண்ணியைப் பிரித்து, அதன் நுனியில் புதியதை இணைத்து, இயந்திரத்தைக் கையால் மெல்லச் சுழற்றி உள்ளே இழுப்பர். சங்கிலியை விறைப்பாக வைத்திருக்கும் டென்ஷனரையும் வழிகாட்டிப் பட்டைகளையும் அப்போதே சோதிக்க வேண்டும்.

இச்சோதனையைப் புறக்கணித்தால் என்ன நேரும்? டீசல் இயந்திரம் காற்றை மிக இறுக்கமாக அழுத்தி, அதனால் பிறக்கும் வெப்பத்தில் எரிபொருளை எரிக்கிறது. 240டியில் காற்று ஏறத்தாழ 21இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. எனவே, பிஸ்டன் உச்சியை அடையும்போது வால்வுக்கும் அதற்கும் இடையே மிகக் குறுகிய இடைவெளியே இருக்கும். சங்கிலி அறுந்தாலோ பற்களைத் தாண்டினாலோ பிஸ்டன் வால்வில் மோதும். வால்வு வளையும்; பிஸ்டனும் உடையக்கூடும். ஒரு சங்கிலியோடு முடிய வேண்டிய செலவு, இயந்திரம் முழுவதையும் பிரிக்கும் செலவாக மாறும். டாக்சி ஓட்டிப் பிழைப்பவருக்கோ வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமான இழப்பாகும்.

இப்பணியைப் பயிற்சி பெற்ற மெக்கானிக் ஒருவரே செய்ய வேண்டும். பழைய டீசல் மகிழுந்து வைத்திருப்போர், "சத்தம் வரவில்லையே!" என்று இருந்துவிடாமல், "எத்தனை பாகை காட்டுகிறது?" என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நன்று.