தண்ணீர் வடிந்த பிறகு

களனிக் கரையோரம் – 9

களனி கங்கை வத்தளைக்குள் ஒருநாளும் சொல்லாமல் வந்ததில்லை. சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகளில் பிறந்து 145 கிலோமீற்றர் ஓடிவரும் ஆறு அது. மேலே நோர்வூட்டிலும் கித்துல்கலவிலும் தெரணியகலவிலும் கொட்டுகிற மழை கிளென்கோர்ஸையும் ஹங்வெல்லையையும் கடந்து கொழும்பு நாகலகம் வீதியின் அளவுமானியை எட்டுவதற்குள் கீழே இருக்கிறவர்களுக்கு ஓரளவு அவகாசம் கிடைத்துவிடுகிறது. நாகலகம் வீதியில் 4 அடி என்றால் எச்சரிக்கை, 5 அடி சிறுவெள்ளம், 7 அடி பெருவெள்ளம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேலியகொட, அதை அடுத்து நாங்கள்.

போன வாரம் முத்துராஜவெலச் சதுப்பு நிலத்தைப் பற்றியும் அதை மண் போட்டு நிரப்பியதால் வெள்ளம் எங்கே ஒதுங்குவது என்று தெரியாமல் வீடுகளுக்குள் ஏறுவதைப் பற்றியும் எழுதியிருந்தேன். ஏறிய தண்ணீரோடு ஊருக்குள் வருகிறவர்களைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன். மஞ்சள் மேலங்கி போட்ட லயன்ஸ் கழகத்தார், பற்சக்கரச் சின்னம் குத்திய றோட்டரிக் கழகத்தார், அவர்களோடு லியோ, றோட்டரக்ட் பிள்ளைகள்.

2025 நவம்பர் 28இல் டித்வா புயல் கிழக்கில் கரை ஏறியது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலான உயிர்களை மலைநாட்டு மண்சரிவுகளே கொண்டுபோயின. அங்கே பெய்த மழை முழுவதும் அடுத்தடுத்த நாட்களில் ஆற்றோடு இறங்கி வந்தது. நாகலகம் வீதியில் ஆறு பெருவெள்ள எல்லையைத் தாண்டியது. வத்தளையில் மாடி வீட்டுக்காரர் மாடிக்கு ஏறினார்கள். மாடி இல்லாதவர்கள் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பாடசாலைக்கும் போனார்கள். எச்சரிக்கைகள் தமிழில் நேரத்துக்கு வரவில்லை, வந்ததும் போதவில்லை என்ற குறை அப்போது நாடெங்கும் எழுந்தது. அது நியாயமான குறை. சிங்களம் வாசிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுத்தான் எங்கள் ஒழுங்கைகளில் பலர் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள்.

முதல் மூன்று நாளும் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இதை நான் பெருமையோடுதான் எழுதுகிறேன். கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் சோற்றுப் பொதிகள் வந்தன. கோயில் மடைப்பள்ளியில் சமைத்தது பள்ளிவாசலுக்குப் போனது, பள்ளிவாசலில் சமைத்தது விகாரைக்குப் போனது. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரம் செய்கிறவர்கள் பருப்பையும் சீனியையும் மூட்டையாகவே ஏற்றிவிட்டார்கள். கழகத்தார் அவற்றை மண்டபத்தில் கொட்டி உலர் உணவுப் பொதி கட்டினார்கள். ஒரு வரிசையில் அரிசி, அடுத்ததில் பருப்பு, அதற்கடுத்ததில் டின் மீன், தேயிலை, பால்மா, சவர்க்காரம். பை கைமாறிக் கைமாறிக் கடைசி மேசைக்கு வரும்போது நிறைந்திருக்கும். அங்கே ஒரு பெண் ஒவ்வொரு பையையும் திறந்து பார்த்து, பட்டியலில் இல்லாத ஒன்றைத் தன் பங்காக உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். மாதவிலக்கு அணையாடை. பட்டியல் போட்டவர்கள் எல்லாரும் ஆண்கள்.

பொதி கொடுக்கப் போன இடத்தில் ஒரு வயதான அம்மா சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"தம்பி, அரிசி எல்லாம் நிறைய இருக்கு. ஆக்கத்தான் சட்டி இல்ல. அடுப்பு, சட்டி, பானை எல்லாம் தண்ணியோட போயிட்டு."

பொதி கொண்டுபோன கழக உறுப்பினர், ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர், ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு, "சரி அம்மா, நாளைக்கு வாறன்" என்றார். அடுத்த நாள் அலுமினியச் சட்டிகளும் கரண்டியும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் வந்தன. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியதற்கு அவருடைய நல்ல மனம் காரணம். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. அவர் இந்த ஊர்க்காரர். அந்த ஒழுங்கை அவருக்குத் தெரியும். தூரத்திலிருந்து லொறியில் வந்து பொதி இறக்கிவிட்டுப் போகிறவர் மனம் வைத்தாலும் அடுத்த நாள் திரும்பி வர முடியாது.

சேவைக் கழகத்தின் பலம் பணத்தில் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பணம் அரசாங்கத்திடம் இதைவிடக் கூட இருக்கிறது. டித்வாவுக்குப் பிறகு வெள்ளம் புகுந்த வீட்டைத் துப்புரவாக்க அரசாங்கம் ஒரு வீட்டுக்கு 25,000 ரூபாய் அறிவித்தது. எந்தக் கழகத்தாலும் அந்த அளவில் கொடுக்க ஏலாது. கழகம் ஒரே ஊரில் வருடக்கணக்காக, கிழமைக்குக் கிழமையோ மாதத்துக்கு இரண்டு தடவையோ கூடிக்கொண்டே இருக்கிறது. அதன் பலம் அதுதான். அதில் மருந்துக்கடைக்காரர் இருப்பார், வங்கி மனேஜர் இருப்பார், லொறி வைத்திருப்பவர் இருப்பார், ஓய்வுபெற்ற அதிபர் இருப்பார். கிராம உத்தியோகத்தரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியவரும் ஒருவர் இருப்பார். தண்ணீர் வடிந்து, தொலைக்காட்சிக்காரரும் போன பிறகு ஊருக்குத் தேவைப்படுகிறவர்கள் இந்த ஆட்களே.

இந்த இயக்கங்கள் பிறந்த கதையிலும் வெள்ளம் இருக்கிறது. 1905இல் சிக்காகோவில் பவுல் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தொடங்கிய றோட்டரி, முதலில் தொழில் செய்கிறவர்கள் ஒருவரையொருவர் அறிந்து பழகுகிற கூட்டமாகவே இருந்தது. அது ஊருக்காகக் கையில் எடுத்த முதல் பெரிய வேலை நகரத்தில் பொதுக் கழிப்பறை கட்டுவிப்பது. யாரும் படம் பிடித்துப் போட விரும்பாத வேலையில் தொடங்கியிருக்கிறார்கள் என்பதை நான் மதிக்கிறேன். 1913இல் ஒஹாயோ, இண்டியானா மாநிலங்களில் பெருவெள்ளம் வந்தபோது றோட்டரிக் கழகங்கள் சேர்ந்து 25,000 டொலர் திரட்டிக் கொடுத்தன. 1917இல் அதே சிக்காகோவில் மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்புறுதி முகவர் லயன்ஸ் இயக்கத்தைத் தொடங்கினார். 1968இல் லயன்ஸ் தன் சர்வதேச அறக்கட்டளையை அமைத்தது. இயற்கை அனர்த்தத்தில் ஆட்கள் இடம்பெயர்ந்தால் ஒரு லயன்ஸ் மாவட்டம் அதனிடம் 10,000 அமெரிக்க டொலர் வரை அவசர மானியம் கேட்கலாம். சுனாமிக்குப் பிறகு தெற்காசியாவுக்காக அந்த அறக்கட்டளை திரட்டியது 1 கோடியே 50 இலட்சம் டொலர்.

"அவங்க ஹோட்டல்ல கூடிச் சாப்பிட்டுக் கலையிற ஆக்கள்தானே" என்று சொல்கிறவர்களை வத்தளைச் சந்தையிலும் கேட்டிருக்கிறேன், வெள்ளவத்தைத் தேநீர்க் கடையிலும் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு ஒரு விபரம் தெரிய வேண்டும். லயன்ஸ் கழகம் ஒவ்வொன்றும் இரண்டு கணக்கு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஒன்று நிருவாகக் கணக்கு. உறுப்பினர் கட்டுகிற சந்தா அதில் விழும். கூட்டச் செலவும் கடிதச் செலவும் அதிலிருந்துதான் போக வேண்டும். மற்றது சேவைக் கணக்கு. இசை நிகழ்ச்சி வைத்தோ, அதிர்ஷ்டச் சீட்டு விற்றோ, நடைபவனி நடத்தியோ, மலர் போட்டு விளம்பரம் வாங்கியோ பொதுமக்களிடம் திரட்டிய காசு இதில் சேரும். இது பொதுமக்களுக்கே திரும்பிப் போக வேண்டும். அந்த நிகழ்ச்சிக்கு நேரடியாக ஏற்பட்ட செலவைக் கழிக்கலாம், வேறு எதற்கும் தொடக்கூடாது. ஆகவே உங்களிடம் ஒரு ரிக்கற் விற்க வந்தால், போன தடவை விற்றதில் எவ்வளவு வந்தது, எங்கே போனது என்று கேளுங்கள். நல்ல பொருளாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். கைத்தொலைபேசியைத் திறந்து காட்டுவார். காட்டத் தயங்குகிற கழகத்துக்கு ரிக்கற் காசு கொடுக்க வேண்டியதில்லை.

திரட்டிய காசை எப்போது செலவழிப்பது என்பதில்தான் எனக்குக் கழகங்களோடு வழக்கு. முதல் மூன்று நாளில் எல்லாரும் சோறு கொடுக்கிறார்கள். பெரிய வீதியோடு இருக்கிற ஒழுங்கைக்கு ஒரே நாளில் மூன்று லொறி வருகிறது. கால்வாய்க்கு அந்தப் பக்கம், வாகனம் திரும்ப இடமில்லாத ஒழுங்கைக்கு ஒன்றும் வருவதில்லை. பனர் பிடித்துப் படம் எடுக்கிறார்கள். பொதி வாங்குகிற தாயின் முகமும் அந்தப் படத்தில் விழுகிறது. அவர் கேட்டு வாங்கிய வெளிச்சம் இல்லை அது. கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டப் படம் தேவை என்கிறார்கள். பொதிகளைப் படம் பிடிக்கலாம், வாங்கிய பற்றுச்சீட்டைப் படம் பிடிக்கலாம். ஆளைப் பிடிக்கத் தேவையில்லை.

நாலாம் நாள் தண்ணீர் வடியும். வீட்டுக்குள் கால் வைத்தால் கணுக்கால் அளவு கறுப்புச் சேறு. மலசலகூடக் குழி நிரம்பி வழிந்ததும் அதில் கலந்திருக்கும். மெத்தை நீர் குடித்து இரண்டு பேர் தூக்க முடியாத பாரமாகிவிடும். பிள்ளைகளின் கொப்பிகள் ஒட்டிப்போய்ப் பலகைபோல் இருக்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் வெயிலில் காயும். வீட்டில் தையல் மெசின் வைத்துப் பிழைக்கிற பெண்ணுக்கு மோட்டாருக்குள் சேறு. இந்த நாளில் லொறிகள் வருவது குறைந்துவிடுகிறது. கழகத்தின் காசும் அதற்குள் சோற்றுப் பொதியில் முடிந்துவிடுகிறது.

கிணற்றையே எடுங்கள். குழாய் நீர் இருந்தாலும் உடுப்புத் தோய்க்கவும் குளிக்கவும் கிணற்றை நம்பியிருக்கிற வீடுகள் இங்கே இன்னும் இருக்கின்றன. வெள்ளம் போன கிணற்றை உடனே இறைக்கக்கூடாது. நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது அவசரப்பட்டு இறைத்தால் கிணற்றுக் கட்டு உள்ளே சரிந்துவிடும். சுற்றியுள்ள நிலம் ஓரளவு வற்றும்வரை பொறுத்து, இறைத்து, சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்து, குளோரின் போட்டு ஊறவிட்டு, மணம் போகும்வரை திரும்ப இறைக்க வேண்டும். எவ்வளவு குளோரின் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். அவரே எலிக்காய்ச்சலுக்கு முன்காப்பாக யார் யாருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும் என்றும் சொல்வார். சேறு அள்ளுகிறவர்களுக்கு அது கட்டாயம் வேண்டியது. கிணறுகளைத் துப்புரவாக்க ஒரு நீர்ப்பம்பி, நாலு பேர், ஒரு கிழமைப் பொறுமை வேண்டும். ஒரு கழகத்தால் இதைவிடப் பொருத்தமாகச் செய்யக்கூடிய வேலை எனக்குத் தெரியவில்லை.

பொறுமையாகச் செய்து காட்டிய முன்மாதிரியும் எங்கள் நாட்டில் உண்டு. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு உலகம் முழுவதிலிருந்தும் துணியும் சாப்பாடும் வந்து குவிந்தன. இலங்கை றோட்டரிக் கழகங்களோ பாடசாலைகளில் கை வைத்தன. சுனாமி அழித்த 25 பாடசாலைகளை அவை திரும்பக் கட்டின. 15,000 பிள்ளைகளுக்கு அதனால் பயன் கிடைத்தது. அந்தத் திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் கொழும்பு றோட்டரியைச் சேர்ந்த கே. ஆர். ரவீந்திரன். போர்க்காலத்தில் போலியோத் தடுப்பு மருந்து நாட்களுக்காக யுனிசெஃபோடு சேர்ந்து வடக்கில் போர்நிறுத்தம் பேசி வாங்கிய முயற்சியிலும் அவர் முன்னின்றார். பிறகு 2015–16இல் உலக றோட்டரியின் தலைவரானார். துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே பிள்ளைகளின் வாயில் இரண்டு துளி மருந்து விழுவதற்காக இரண்டு பக்கத்தோடும் பேசியவர்களுக்கு, வத்தளையில் ஒரு ஒழுங்கையின் கிணறுகளைத் துப்புரவாக்குவது பெரிய காரியமாக இருக்க முடியாது.

தடை வேறெங்கோ இருக்கிறது. அது நாட்காட்டியில் இருக்கிறது. லயன்ஸுக்கும் றோட்டரிக்கும் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. ஒவ்வோர் ஆண்டும் புதிய தலைவர், புதிய செயலாளர், புதிய பொருளாளர். தன் ஆண்டில் சேர்த்ததைத் தன் ஆண்டிலேயே செலவழித்துப் பெயர் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் தலைவருக்கு இயல்பாக வரும். களனியோ பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையோடு மே, ஜூனில் ஏறுகிற ஆறு. 1989 ஜூனில் ஏறியது. 2016 மேயில் ஏறியது. 2024 ஜூனிலும் ஏறியது. கழகத்தின் கல்லாப்பெட்டி வருடத்திலேயே மிகவும் காய்ந்திருக்கிற மாதங்கள் இவை. பழைய தலைவருக்கு விடைபெறும் விருந்து ஏற்பாடாகிக்கொண்டிருக்கும். புதியவர் இன்னும் பொறுப்பெடுத்திருக்க மாட்டார். அந்த இடைவெளிக்குள் தண்ணீர் வந்துவிடுகிறது. பிறகு அவசரமாக வட்சப்பில் வேண்டுகோள் போட்டு, காசு சேர்ந்து, பொருள் வாங்கி, பொதி கட்டி முடிய மூன்று நாள் போய்விடும். சோறு கொடுக்கும் நாட்களும் அதோடு முடிந்துவிடும்.

ஆகவே நான் கேட்பது சின்ன மாற்றம்தான். சேவைக் கணக்குக்குள்ளே அனர்த்தத்துக்கென்று ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள். தலைவர் மாறினாலும் அது மாறக்கூடாது. அடுத்த ஆண்டுக்கு அப்படியே போக வேண்டும். கித்துல்கலவில் ஆறு ஏறுகிறது என்று நீர்ப்பாசனத் திணைக்களம் அறிவிக்கிற அன்றே யார் யாருக்குத் தமிழில் செய்தி போக வேண்டும், எந்த மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, யாருடைய லொறி என்பதை எழுதி வையுங்கள். சோறு கொடுக்க ஊர் இருக்கிறது. கழகத்தின் காசில் பெரும் பங்கு நாலாம் நாளுக்குப் பிறகு செலவாகட்டும். சட்டிக்கும், பம்பிக்கும், கொப்பிக்கும், தையல் மெசினுக்கும்.

ஜூலையில் பதவியேற்பு விழாக்கள் வரும். மேடையில் புதிய தலைவருக்கு மாலை போட்டு, கழுத்தில் பதக்கச் சங்கிலி அணிவித்து, போன ஆண்டு செய்த சேவைகளின் பட்டியலை வாசிப்பார்கள். அந்தப் பட்டியலோடு அனர்த்த ஒதுக்கீட்டில் அன்றைக்கு எவ்வளவு காசு இருக்கிறது என்பதையும் ரூபாய் சதக் கணக்கில் வாசியுங்கள். சபையில் நானும் இருப்பேன், ரிக்கற் வாங்கிய வியாபாரிகளும் இருப்பார்கள்.

இதில் நான் தொடாமல் விட்ட ஒரு கூட்டம் உண்டு. யாழ்ப்பாணத்திலோ ஹற்றனிலோ பதிவு இருக்க, வத்தளையில் வாடகைக்கு இருக்கிறவர்கள். கிராம உத்தியோகத்தரின் பட்டியலில் பெயர் இல்லாததால் நிவாரணம் வரும்போது வரிசையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அவர்களைப் பற்றி அடுத்த வாரம்.